மதுரை – திருநெல்வேலி: காஷ்மீர்–கன்னியாகுமரி நிதிப் பயணத்தில் கடைசிக்கு முந்தைய நாளை ஓட்டுவது எப்படி?

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். ஏதேனும் ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு இதைச் சைக்கிளில் கடக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பனிஹால் ஏற்றத்தைப் பற்றியும் நாக்பூர் வெயிலைப் பற்றியும்தான். மதுரைக்குத் தெற்கே இருக்கும் பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. ஆகஸ்டு மாதம், பயணத்தின் 34-ஆம் நாள், மதுரையில் கண் விழித்தபோதே மனம் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று மாலை கயத்தாறுக்கு அப்பால் சாலையோரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த ஆண்டு அதே பாதையை மீண்டும் ஓட்டி, எது தவறியது என்று தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ட்யூப் மாற்றுவது, கியர் சரிசெய்வது எல்லாம் இவ்வளவு தூரம் வந்தவருக்குத் தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: தூரத்தைப் பிரியுங்கள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 245 கிலோமீட்டர். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். முதல் நாள் திருநெல்வேலி வரை 155 முதல் 160, மறுநாள் மிச்சம். ஒரு மாதமாக ஓய்வில்லாமல் ஓட்டிய உடம்புக்கு அந்த 160-ஏ பெரிய நாள்.

படி 2: நாலரை மணிக்குக் கிளம்புங்கள்

முன்விளக்கும், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கும் கட்டாயம். திருமங்கலம் தாண்டும்போது விடியும். ஏழரைக்கு விருதுநகர், ஒன்பதே காலுக்குச் சாத்தூர், பதினொன்றுக்குள் கோவில்பட்டி. சாத்தூருக்குப் பிறகு இரண்டு பக்கமும் கரிசல் காடு, நிழல் அரிது. அதனால் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை கோவில்பட்டியில் படுத்துவிடுங்கள். வழியில் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் சுங்கச்சாவடிகளை நம்பலாம்.

இந்தச் சாலையின் ஓரத்தில் வெடித்த லாரி டயர்களின் மெல்லிய எஃகுக் கம்பிகள் கிடக்கின்றன. தலைமுடி அளவு கம்பி டயருக்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். ட்யூபை மாற்றினாலும் பத்தே நிமிடத்தில் மீண்டும் காற்று இறங்கும். டயரின் உட்புறத்தில் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாக ஓட்டுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். அதைப் பிடுங்க முள்வாங்கி ஒன்று வேண்டும். பல வேலை செய்யும் விலை உயர்ந்த கருவிகளைவிட இந்த முள்வாங்கிதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. டயர் அகலம் 32 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. 25-இல் வருகிறவர்களை நான் மாற்ற முயல்வதில்லை, ஆனால் கவலைப்படுகிறேன்.

படி 3: தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள்

நான் விழுந்த இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

வெயில் அதிகம் என்று பயந்து மதியத்துக்குள் ஆறேழு லிட்டர் வெறும் தண்ணீர் குடித்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கோவில்பட்டியைத் தாண்டியதும் தலைவலி. விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியது. நீர் குறைந்துவிட்டது என்று எண்ணி இன்னும் குடித்தேன். தலைவலி கூடியது, பிறகு வாந்தி. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சோடியம் குறைந்திருக்கிறது என்றார்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் நீரை ஊற்ற ஊற்ற, இரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பு நீர்த்துப்போகிறது. தாகத்தால் வரும் தலைவலியும் இந்தத் தலைவலியும் முதலில் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு இதுதான்: சிறுநீர் தெளிந்த நீராகப் போகிறது, விரல் வீங்கியிருக்கிறது, ஆனாலும் தலை வலிக்கிறது என்றால் மேலும் தண்ணீர் குடிக்காதீர்கள். பேச்சு குழறினாலோ, எங்கிருக்கிறோம் என்பது புரியாமல் போனாலோ 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் செய்வது: இரண்டு பாட்டில்களில் ஒன்றில் எப்போதும் உப்புச்சர்க்கரைக் கரைசல். மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாகம் எடுக்கும்போது குடிக்கிறேன். கடிகாரம் பார்த்துக் குடிப்பதில்லை. தண்ணீருக்குக் காத்திருக்கலாம், உணவுக்குக் காத்திருக்கக் கூடாது: முக்கால் மணிக்கு ஒரு முறை ஏதாவது ஒன்று வாயில் போகவேண்டும். இந்தப் பாதையில் அதற்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை மிஞ்சிய பொருள் இல்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாய், பையில் உருகாது, வெல்லமும் கடலையும் தவிர அதிகம் எதுவும் இல்லை. சாத்தூர்ச் சேவில் உப்பு கிடைக்கும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை மட்டும் பயணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

*பின்சேர்க்கை:* பொட்டலம் கரைத்தும் வயிறு கலங்கியதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்ததில், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 750 மில்லி சைக்கிள் பாட்டிலில் கொட்டியிருக்கிறார்கள். கரைசல் அடர்ந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, அதிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: கயத்தாற்றுக் காற்று

கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறை நெருங்கும்போது காற்றாலைகள் தெரியத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று இங்கே உங்கள் வலப்பக்கத்தில் அடிக்கும். அதைச் சமாளிக்க உடம்பு தானாக வலப்புறம் சாயும். அப்போது ஒரு லாரி வலப்பக்கமாக முந்தும். காற்று சட்டென்று நிற்கும். சாய்ந்திருந்த நீங்கள் லாரியை நோக்கிப் போவீர்கள். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளும்.

சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் இடப்பக்கம் ஓட்டுங்கள். முழங்கை மடிந்திருக்கட்டும், பிடி தளர்வாக இருக்கட்டும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டதும் மிதிப்பதைக் குறைத்து நிமிருங்கள். நிதிப் பயணம் என்று எழுதிய கொடியையும் பதாகையையும் கோவில்பட்டியிலேயே சுருட்டிக் கட்டிவிடுங்கள். அவை பாய்மரம்போல் காற்றை வாங்கும். மனமில்லாமல் சுருட்டினேன் என்றாலும் அதைச் செய்தே ஆகவேண்டும்.

படி 5: பணத்தை அப்போதே எழுதுங்கள்

கடைசி நாட்களில் தேநீர்க் கடைகளில் மக்கள் கையில் பணம் திணிப்பார்கள். களைப்பில் பிறகு எழுதலாம் என்று தோன்றும். ஒரு பாட்டி சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த இருபது ரூபாயை அவிழ்த்துக் கொடுத்தார். அந்த இருபது ரூபாய்க்கும் கணக்கு இருக்கவேண்டும். சின்ன நோட்டு, பென்சில், ஹேண்டில்பார் பையில். வருமான வரிச் சலுகை எதிர்பார்ப்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வரிக் கழிவு கிடைக்காது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்கைக் காட்டுங்கள்.

படி 6: திருநெல்வேலி

கங்கைகொண்டான் தாண்டினால் நகரம் அருகில். பொழுது சாய்வதற்குள் நுழைந்துவிடுங்கள். முதலில் சோறும் ரசமும், பிறகு குளியல், பிறகு செயினுக்கு எண்ணெய். அல்வாவை மறுநாளுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வள்ளியூர் தாண்டும்போது கை தேடும்.

*இன்னொரு பின்சேர்க்கை:* மறுநாள் காவல்கிணற்றில் வழி பிரியும் இடத்தில் சிலர் வலப்புறம் நாகர்கோவில் சாலையில் போய்விட்டார்கள். அந்தச் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நேராகக் காற்றின் வாய்க்குப் போகிறது. கன்னியாகுமரிக்கு நேரே தெற்கே போகும் நான்குவழிச் சாலையைப் பிடியுங்கள்.