ஸ்ப்ளைசிங் தேடும்போது சத்தமில்லாமல் தொலையும் ரீட்கள்

ஆர்என்ஏ சீக்வென்சிங் தரவில், அதாவது ரீட்கள் எனும் குறுகிய வரிசைத் துண்டுகளில், மாற்று ஸ்ப்ளைசிங் (ஒரே மரபணுவின் எக்ஸான் பகுதிகள் வேறுவேறு விதமாக இணைவது) தேட வருகிற புதியவர்கள், நான் தொடக்கத்தில் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். ஜீனோம் ஒரு பதிப்பு, ஜிடிஎஃப் (மரபணுக்களின் இடம் குறித்த கோப்பு) இன்னொரு பதிப்பு என்பது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை சீக்கிரமே பல்லிளித்துவிடும். வெளியே தெரியாமல் முடிவைக் கெடுப்பவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

டிரிம் செய்த ரீட்களை யோசிக்காமல் ஆர்மேட்ஸில் கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஸ்ப்ளைசிங் வேறுபாட்டைக் கணக்கிடும் மென்பொருளான ஆர்மேட்ஸை ஓட்டும்போது ரீட் நீளத்தைச் சொல்ல வேண்டும். 150 என்று சொன்னால், சரியாக 150 பேஸ் (எழுத்து) உள்ள ரீட்களை மட்டுமே அது எண்ணும். 149 இருந்தாலும் ஒதுக்கிவிடும். ஓட்டம் தடையில்லாமல் முடியும், முடிவுக் கோப்புகளும் ஒழுங்காக வந்து நிற்கும்.

ரீட் முனைகளை வெட்டும், அதாவது டிரிம் செய்யும், டிரிம் கேலூர் மென்பொருளின் இயல்பான அமைப்பில், ரீட்டின் கடைசி எழுத்து அடாப்டரின் (சீக்வென்சிங்குக்காக ஒட்டும் செயற்கை வரிசை) முதல் எழுத்தோடு ஒத்துப்போனாலே அதை வெட்டிவிடும். இலுமினா அடாப்டர் ஏ-யில் தொடங்குகிறது. ஆக, அடாப்டரே இல்லாத ரீட்களிலும் ஏறக்குறைய கால்வாசி நீளம் குறைந்துவிடும். தரம் குறைந்த முனைகளை வெட்டுவது தனிக் கணக்கு.

ஓர் ஆய்வுக் குழு பிடிபிபி1 புரதத்தைக் குறைத்த செல்களை ஆராய்ந்தது. அந்தப் புரதம் இருக்கும்வரை பிடிபிபி2 மரபணுவின் 10-ஆம் எக்ஸான் தவிர்க்கப்படும். குறைத்தால் உள்ளே வரும். இந்தக் குறைப்பு (நாக்டவுன்) வேலை செய்ததா என்று அறிய முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். ஆர்மேட்ஸ் தந்த பட்டியலில் அது இல்லை. உடனே நாக்டவுன் சரியில்லை என்று முடிவுகட்டி, செல்களைத் திரும்ப வளர்த்து, இன்னொரு முறை சீக்வென்சிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பணமும் மாதங்களும் போயின. புதிய தரவுக்கும் அதே கடுமையான டிரிம்மிங், அதே வெறும் கை. கடைசியில் ஜீனோமில் பொருத்திய ரீட்கள் உள்ள பழைய பாம் கோப்பை ஐஜிவி எனும் பார்வைக் கருவியில் திறந்து, எக்ஸான் இணைவுகளைக் காட்டும் சஷிமி வரைபடம் போட்டால், எக்ஸான் உள்ளே வந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. பெரும்பாலான ரீட்கள் எண்ணப்படவே இல்லை, அவ்வளவுதான்.

நீளம் மாறும் ரீட்களை ஏற்கும் விருப்பத்தேர்வு ஆர்மேட்ஸிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். ரீட்களை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் அலைனர், பொருந்தாத முனைகளை மென்மையாகக் கழித்திருந்தால் (சாஃப்ட் கிளிப்) அந்த ரீட்களும் ஒதுக்கப்படும், அதற்கும் தனி விருப்பத்தேர்வு உண்டு. அப்புறம், தற்காலிகக் கோப்புறையில் ஒவ்வொரு பாமிலும் எத்தனை ரீட் பயன்பட்டது, எத்தனை எந்தக் காரணத்தால் கழிந்தது என்று எழுதிய கோப்பு இருக்கும். முடிவைத் திறப்பதற்கு முன் அதைத் திறங்கள்.

நாலு ரீட்டை நம்பி பிஎஸ்ஐ பேசுவது

பிஎஸ்ஐ என்பது எக்ஸான் உள்ளே வந்த விகிதம். எக்ஸான் இணைவைக் கடக்கும் 4 ஜங்ஷன் ரீட்டில் 2 அதைக் காட்டினாலும் 0.5, 400-இல் 200 வந்தாலும் 0.5. முதலாவதை நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள்.

இன்ட்ரான் தங்கியதெல்லாம் ஸ்ப்ளைசிங் மாற்றம் என்று எண்ணுவது

மாதிரியில் டிஎன்ஏ கலந்திருந்தாலும் இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடையே, வழக்கமாக நீக்கப்படும் பகுதி) ரீட் விழும். ரைபோசோம் ஆர்என்ஏ நீக்கி மட்டும் தயாரித்த லைப்ரரியில் (சீக்வென்சிங்குக்கு அனுப்பும் மாதிரி) இன்னும் ஸ்ப்ளைஸ் ஆகாத முன்னோடி ஆர்என்ஏவும் சேர்ந்து வரும். மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியிலும் ரீட்கள் பரவலாக இருந்தால் டிஎன்ஏவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஓர் இன்ட்ரான் மட்டும், எல்லா ரெப்ளிகேட்டிலும் (ஒரே சோதனையின் திரும்பச் செய்த மாதிரிகள்) உயர்ந்தால் சரி, மேலே தோண்டலாம்.

ஸ்ட்ராண்ட் திசையை ஊகிப்பது

ரீட் எந்த இழையைச் (ஸ்ட்ராண்ட்) சேர்ந்தது என்பதை ஊகிக்காதீர்கள். சோதித்துப் பாருங்கள்.

எஸ்எம்என்2-இல் ரீட் இல்லாததை முடிவாக எழுதுவது

தண்டுவடத் தசைநலிவு நோய்க்காக 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன், எஸ்எம்என்2 மரபணுவின் 7-ஆம் எக்ஸானை உள்ளே கொண்டுவருகிறது. எனவே எல்லோரும் அந்த எக்ஸானைத் தேடுகிறார்கள். ஆனால் எஸ்எம்என்1-உம் எஸ்எம்என்2-உம் கிட்டத்தட்ட ஒரே வரிசை கொண்டவை. வேறுபடும் அந்தச் சில எழுத்துகளைத் தொடாத ரீட் இரண்டு இடத்திலும் பொருந்தும்; ஒரே இடத்தில் பொருந்துவதை மட்டும் எண்ணும் கருவி அதைக் கழித்துவிடும். அங்கே ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் சோதனை) செய்து, கிடைத்ததை டிடிஇ-1 நொதியால் வெட்டுங்கள். எஸ்எம்என்2-இன் 8-ஆம் எக்ஸானில் அதற்கு வெட்டுமிடம் உண்டு, எஸ்எம்என்1-இல் கிடையாது.