டியூப் லைட்டை அணைத்துவிட்டு வீட்டைப் பாருங்கள்

வீட்டில் போட்டோ என்றாலே நமக்குப் பிறந்தநாள் கேக்கும் தீபாவளிப் புதுச்சட்டையும்தான். ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமைக் காலையில் என்ன எடுப்பது என்று என் தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல கேமரா வேண்டாம், போன் போதும்.

முதல் வேலை, டியூப் லைட்டை அணைப்பது. ஜன்னல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு தடவை என்று சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது அதனால்தான். ராத்திரி விளக்கில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் போன் கேமராவில் அளவுகளை நாமே மாற்றிக்கொள்ளும் ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது படம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள்.

அப்புறம், வெயில் எப்போது எங்கே விழுகிறது என்று சில நாள் சும்மா பாருங்கள். மதுரையில் எங்கள் அடுப்படி ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஏழு மணிக்கு வெயில் எதிர்ச்சுவர் வரை போகும், ஒன்பதுக்குள் மேடையோடு சுருங்கிவிடும். கூடத்தில் இருப்பது தெற்கு ஜன்னல். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் மத்தியானம்கூட உள்ளே வெயில் நீளும். சித்திரையில் உச்சியில் நிற்கும், எட்டிப் பார்க்காது. இடமும் நேரமும் தெரிந்துவிட்டால் அங்கே யார் வந்து உட்காருகிறார்கள் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

இட்லிச் சட்டியைத் திறக்கும்போது ஆவி படத்தில் தெரிய வேண்டுமா? வெயில் ஆவிக்குப் பின்னாலிருந்து வரட்டும், அதற்குப் பின்னால் இருட்டான சுவரோ அலமாரியோ இருக்கட்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, படத்தின் வெளிச்சத்தைத் திரையிலேயே கொஞ்சம் குறையுங்கள். அதற்கு முன் லென்ஸை முந்தானையில் ஒரு துடைப்பு. அடுப்படியில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது.

வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த படம் கைகள்தான். அத்தையிடம் போனை நீட்டினால் "நான் இருக்கிற லட்சணத்துக்குப் போட்டோ ஒண்ணுதான் குறைச்சல்" என்பார். கையை மட்டும் எடுக்கிறேன் என்றதும் சம்மதித்தார். சாயங்காலம் மல்லிகை கட்டுவார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து வாழைநாரை விரலில் சுற்றி ஒரு இழுப்பு. அந்த இழுப்பில்தான் படம் இருக்கிறது. அதுவரை தொளதொளவென்று கிடந்த நார் விறைத்து நிற்கும், கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் விலகி வெளுக்கும். தவறவிட்டாலும் கவலையில்லை, அடுத்த கண்ணிக்கும் அதே இழுப்பு உண்டு. காபி ஆற்றுவது, துணி மடிப்பது, தேங்காய் துருவுவது எல்லாமே திரும்பத் திரும்ப வருகிற வேலைதான். தாளம் பிடிபட்டதும், உச்சத்துக்கு ஒரு கணம் முன்னால் பட்டனை அழுத்துங்கள்.

அவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் வகிடு மட்டும்தான் கிடைக்கும். கிட்டே போய் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும், நாலடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் போடுங்கள்.

பிள்ளைகளை "இங்க பாரு" என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் இரண்டு விரல் தூக்கி ஒரு சிரிப்பு, அதோடு சரி. வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்திலேயே இருங்கள், நீங்கள் இருப்பதே மறந்துபோனபின் எடுங்கள். அழுகிற பிள்ளையை நான் எடுப்பதில்லை, யாரையும் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடுவதுமில்லை.

ஆள் இல்லாத படங்களையும் விட்டுவிடாதீர்கள். நிலைப்படியில் எறிந்த ஸ்கூல் பை, பேப்பர் மேல் கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடி, ஃபேன் காற்றில் படபடக்கும் தினசரி காலண்டர். எதையும் ஒழுங்கு பண்ணாமல் எடுங்கள். பினாயில் பாட்டிலை மட்டும் நானும் நகர்த்திவிடுவேன்.

மாசக் கடைசியில் நாலைந்தைப் பொறுக்கி ஸ்டூடியோவில் 4x6 பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் தேதி எழுதும்போது பேனாவை அழுத்த வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.