எல்லா வறட்சிக்கும் தண்ணீர் மருந்தில்லை: வீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் மெடிக்கல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வறட்சியோடுதான் வருகிறார்கள். "அண்ணே, வாயெல்லாம் வறளுது", "கண்ணு காய்ஞ்சு உறுத்துது", "தோல் வறண்டு அரிக்குது", "தொண்டை வறண்டு இருமிக்கிட்டே இருக்கேன்". காரணம் வெயில் என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள், மருந்தையும் அவர்களே முடிவு செய்திருப்பார்கள்: ஒரு குளுக்கோஸ் பாக்கெட், ஒரு சொட்டு மருந்து, ஒரு ட்யூப். மதுரை வெயில் லேசுப்பட்டதில்லை, சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே அதிசயமில்லை, அதனால் பழி முழுவதும் அதன் மேல் போய்விடுகிறது. ஆனால் எங்கே வறளுகிறது, எப்போதிலிருந்து, கூட வேறென்ன தொந்தரவு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நாலு கேள்வி கேட்டால் பல பேருக்கு வெயில் காரணமே இல்லை என்று தெரியவரும். அந்த நாலையும் கேட்காமல் தண்ணீரையோ மருந்தையோ ஊற்றிக்கொள்வதுதான் முதல் தவறு, மற்ற தவறெல்லாம் அதிலிருந்து கிளம்புகிறவை.

தாகத்திலிருந்தே தொடங்குகிறேன். தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளலாம் என்பது திடகாத்திரமான ஆட்களுக்குப் பெரும்பாலும் சரி. அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சரியில்லை, வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிவிடும். "எனக்குத் தாகமே இல்லப்பா" என்று அப்பத்தா சொன்னால் உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூத்திரம் குறைந்து அடர்மஞ்சளாகப் போகிறதா, எழுந்து நிற்கும்போது தள்ளாட்டம் இருக்கிறதா, மத்தியானத்துக்கு மேல் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்களா என்று பாருங்கள். பேச்சு குழம்பினால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடிக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவதைவிட, ஒரு செம்பில் நீர்மோர் உப்புப் போட்டுக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவது மேல்.

கைக்குழந்தை விஷயத்தில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. வெயில் காலம், பிள்ளைக்குத் தொண்டை காயுமே என்று ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கிறார்கள். வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது, வெயிலுக்கு இன்னும் ரெண்டு தரம் கூடுதலாகப் பால் கொடுத்தால் போதும். அழும்போது கண்ணீர் வரவில்லை, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, கண் உள்ளே போய்விட்டது என்றால் மாமியார் வரட்டும், அவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

வயிற்றுப்போக்கில் நடக்கிற தவறைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடையில் நாங்கள் அதிகம் மன்றாடுவதும் இதற்குத்தான். "பேதி போய் நாக்கு வறண்டுருச்சு, குளுக்கோஸ் குடுங்க" என்பார்கள். குளுக்கோஸ் பொடி வேறு, பேதிக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். வேறு. சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து ஒரே வழியாக உள்ளே போகும்போதுதான் தண்ணீரும் பின்னாலேயே உறிஞ்சப்படும். உப்பில்லாத சர்க்கரைக் கரைசலைக் கெட்டியாகக் கொடுத்தால் அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து, பேதியை அதிகப்படுத்தும். 1971 வங்கதேசப் போர் நேரத்தில் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அவ்வளவு சக்தியுள்ள மருந்தை நம் வீடுகளில் கலக்கிற விதத்தில்தான் கெடுத்துவிடுகிறோம். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் என்று கண்ணளவில் போட்டால் உப்பு ஏறிப்போகும், அது குழந்தைக்கு ஆபத்து. நீர்க்கக் கரைத்தால் பலனில்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குடித்ததும் வாந்தி எடுத்தால் "ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அப்புறம், பழச்சுவையில் டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். உரிய கலவை இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் அந்த எழுத்துகளைப் போடவே கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டது. சும்மா போடவில்லை, அதை நம்பி வாங்கிய பெற்றோர் அவ்வளவு பேர்.

ஜிகர்தண்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம்ம ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் போய் ருசிக்காகச் சாப்பிடுங்கள், ஆனால் தாகத்துக்கு அது பரிகாரமில்லை. சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும் நன்னாரி சிரப்புமாக அது ஒரு கனமான இனிப்பு. சர்க்கரை உள்ளவர் வெயிலில் அலைந்துவிட்டு அதைக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறி, மூத்திரம் கூடுதலாகப் போய், வறட்சி இன்னும் அதிகமாகும். தாகத்துக்கு மோர், கம்பங்கூழ், நுங்கு, வெறும் பானைத் தண்ணீர் போதும்.

இன்னொரு தவறு இருக்கிறது, ஆனால் அதைச் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாசி வீதித் துணிக்கடைகளில் நிற்கிற பெண்பிள்ளைகள், மாட்டுத்தாவணியில் பூக்கட்டுகிற அக்காமார், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், இவர்களில் நிறையப் பேர் காலையில் ஒரு வாய் காப்பியோடு கிளம்பி, சாயங்காலம் வரை தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பாத்ரூம் போக இடமில்லண்ணே" என்பார்கள். பிறகு நீர்க்கடுப்பு என்று எங்களிடம் வருவார்கள், சிலருக்கு நாள்பட்டுச் சிறுநீரகக் கல்லும் வருகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. நல்லது. பயமில்லாமல் போய்வர ஒரு சுத்தமான கழிப்பறையும், போய்வந்ததற்கு முகம் சுளிக்காத சூப்பர்வைசரும் அதே அளவுக்கு அவசரம் என்று நான் நினைக்கிறேன். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கடையில் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

நிறையக் குடிப்பது எல்லோருக்கும் நல்லது என்பதும் தவறுதான். டயாலிசிஸ் செய்கிறவர்கள், இதயம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு டாக்டர் அளவு சொல்லியிருப்பார். வெயிலாச்சே என்று அதை மீறினால் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அன்பாக இளநீர் வாங்கிக் கொடுப்பது இன்னும் ஆபத்து, அதில் பொட்டாசியம் அதிகம், அது இதயத்துடிப்பையே குலைத்துவிடும். இவர்களுக்கு நா வறண்டால் வாய் கொப்பளிக்கலாம், அனுமதித்த அளவுக்குள்ளேயே ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம், ஊறுகாய் அப்பளத்தைக் குறைத்தாலே தாகம் குறையும்.

வாய் வறட்சிக்கு வருகிறேன். இது தாகம் இல்லை, எச்சில் குறைவு. நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதைக் குறைக்கிற மாத்திரைகள் வீட்டிலேயே இருக்கும்: சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற செட்ரிசின், சி.பி.எம். (குளோர்பெனிரமின்), நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதுகிற அமிட்ரிப்டிலின், மூத்திரம் போவதற்கான மாத்திரைகள். இது தெரிந்ததும் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள், மாற்றுகிற வழி இருந்தால் அவர் மாற்றுவார். எச்சில் வரட்டும் என்று நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாய் சப்புவதும் தவறு. எச்சில் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும். பாக்கும் புகையிலையும் வேண்டவே வேண்டாம்.

வாய் வறட்சியோடு ராத்திரி ரெண்டு மூன்று தடவை மூத்திரத்துக்கு எழுவதும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பதும் சேர்ந்திருந்தால் மறுநாளே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். வாயும் கண்ணும் சேர்ந்தே மூன்று மாதமாகக் காய்ந்து, மூட்டு வலியும் இருந்தால், குறிப்பாக நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற ஜோக்ரன் என்கிற நோயாக இருக்கலாம், வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாக்கு வறண்டு சோறே இறங்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் சில பேருக்கு வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும், கடன் நெருக்கியிருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் தூக்கமும் கெட்டிருந்தால் அவருக்குப் பசி டானிக் வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கண் வறட்சியில் பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்: கண்ணில் தண்ணீர் கொட்டும், அதனால் வறட்சி இல்லை என்று நினைப்பார்கள். கண் பரப்பு காய்ந்து உறுத்துவதால்தான் அந்தத் தண்ணீர் கொட்டுகிறது. கண்ணீர்ப் படலத்தில் எண்ணெய்ப் பசையும் வேண்டும், அதைச் சுரக்கிற இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் எவ்வளவு நீர் வந்தாலும் தங்காது. போனையும் கம்ப்யூட்டரையும் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, ஏசியும் மின்விசிறியும் நேராக முகத்தில் அடிக்கும், செல்லூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். இதற்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய், மல்லித்தண்ணீர் என்று கண்ணில் எதையாவது விட்டுக் கிருமியை ஏற்றிக்கொள்கிறார்கள். அதைவிட மோசம், போன வருடம் யாருக்கோ எழுதிய சொட்டு மருந்தின் அட்டைப்பெட்டியைக் காட்டி "இதே குடுங்க" என்பது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு ரெண்டே நாளில் போகும், சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வந்து பார்வை போகும். கண் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் தர மறுத்தால் தயவுசெய்து அடுத்த கடையில் போய்க் கேட்காதீர்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கி, இன்று உலகமே வந்து பார்க்கிற அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கு மருந்தைக் கடைக் கவுன்டரில் தீர்மானிப்பதைப் பார்த்தால் மனது கேட்கவில்லை.

தோலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லிட்டர் லிட்டராகக் குடிப்பதால் தோல் வறட்சி போகாது. கொதிக்கிற வெந்நீரையும் நுரை பொங்கும் சோப்பையும் குறைத்து, குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவினால் போகும். அரிப்புக்கு ஸ்டீராய்டு ட்யூப் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பித்தவெடிப்பு இருந்தால் மட்டும் அலட்சியம் கூடாது, பிளேடால் சீவுவது, கல்லில் தேய்ப்பது ரெண்டும் வேண்டாம், அந்த வெடிப்பில் சீழ் வைத்துக் காலையே எடுக்க நேர்ந்திருக்கிறது. தினமும் பாதத்துக்குக் களிம்பு தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள்.

வறட்டு இருமலுக்குப் பாட்டில் மாற்றி பாட்டில் சிரப் குடிக்கிறார்கள். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிற சிலருக்கு அந்த மாத்திரையே இருமலைக் கொண்டுவரும், டாக்டர் வேறு மாத்திரை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். ரெண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் சளி பரிசோதனை செய்துவிடுங்கள், காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்வதும் நிம்மதிதான்.

கடைசியாக ஒன்று. கடையில் ஆம்பளைகள் இருந்தால் திரும்பிப்போய்விட்டு, கூட்டம் குறைந்ததும் வந்து மெல்லக் கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு, எரிச்சலும் அரிப்பும், கணவரோடு சேரும்போது வலியும், அடிக்கடி நீர்க்கடுப்பும் வரும். இதை உடல் சூடு என்று வெந்தயம் விழுங்கியே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டெட்டால் போட்டுக் கழுவுகிறார்கள், வாசனை சோப்புப் போடுகிறார்கள், ரெண்டுமே வறட்சியைக் கூட்டும். வெறும் தண்ணீரே போதும். எண்ணெய் இல்லாமல் தண்ணீரை வைத்தே செய்த வழவழப்பு ஜெல் இருக்கிறது, டாக்டர் பார்த்து எழுதுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தெளிவாகக் குறைந்துவிடும். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவு இருக்கிறது, அங்கே பெண் மருத்துவரிடமே சொல்லலாம். ஒரு வருடமாக மாதவிடாய் நின்றிருந்தவருக்குத் துளி ரத்தம் பட்டால்கூட வறட்சிதான் என்று தள்ளிவிடாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள், கர்ப்பப்பையைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.