பழைய கட்டடத்தில் ஆய்வகமா? முதலில் காற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

பழைய கட்டடத்தை இடிக்காமல் ஆய்வகமாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மாடியில் சோலார், உள்ளே எல்இடி போட்டுவிட்டுப் பசுமை வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இடிக்காததால் புதுச் சிமெண்டும் கம்பியும் மிச்சம், சரி. ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் கரண்ட் பில்லை ஏற்றுவது விளக்கு இல்லை, காற்று.

ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டிதான் ஃப்யூம் ஹூட். ஒன்றரை மீட்டர் அகல ஹூட்டின் கண்ணாடிக் கதவை அரை மீட்டர் தூக்கி, நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால், மணிக்கு 1,350 கன மீட்டர் வெளியே போகும். ஐந்துக்கு ஐந்து மீட்டர், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையை மணிக்குப் பதினெட்டுத் தடவை காலி செய்வது போல. அத்தனையும் ஏசி குளிர்வித்த காற்று, ரசாயன ஆவி கலந்தது என்பதால் திரும்ப உள்ளே விடவும் முடியாது, அதற்கு ஈடாக மே மாதச் சென்னை வெக்கையை இழுத்து மறுபடி குளிர்விக்க வேண்டும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு ஹூட் என்று ஆர்டர் போடாதீர்கள். கதவை இறக்கினால் ஃபேனின் இழுப்பும் குறைகிற வகையை வாங்குங்கள். எப்போதும் ஒரே அளவு இழுக்கிற ரகத்தில் கதவை மூடிவைத்தும் மின்சாரம் மிச்சமாகாது.

அடுத்தது கூரை. சென்னைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் பிடித்த தளம். கட்டை சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுத்துப்போகும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. அதைப் பார்க்காமல் டக்டை (காற்று போகும் பெரிய குழாயை) தொங்கவிடுவதும் மேல்மாடியில் கனமான ஃப்ரீசர்களை வரிசையாக நிறுத்துவதும் வம்பு. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து உதிரும்.

ஏற்கெனவே ஆய்வகமாக இருந்த கட்டடம் என்றால் தரையிடுக்குகளில் பாதரசம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அணு விஞ்ஞானி ரதர்ஃபோர்டு வேலை பார்த்த கட்டடத்தில் கதிரியக்கக் கறையும் பாதரசமும் பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தன.

சோதனையில் எழும் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்ணாடிக் குழாய்க்கு (கண்டென்சர்) நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது (கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில்!). அதே நீரைக் குளிர்வித்துச் சுற்றவிடும் சில்லருக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரை, மாதிரிகளுக்குச் சரிப்பட்டால் மைனஸ் 70-இல் வையுங்கள். மின்சாரம் சுமார் 30% வரை குறையும், ஒரு பைசா செலவில்லை.