980 ரூபீ வில்லும் கள்ளன் என்ற பட்டமும்

முட்டத்திலிருந்து அக்கா மகன் லீவுக்கு நாகர்கோவில் வந்திருந்தான். நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் 'லிங்க்ஸ் அவேக்கனிங்' போட்டுக் கொடுத்தேன். 1993இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் வந்து, 1998இல் கலராகி, 2019இல் புது உருவம் எடுத்த அதே செல்டா கேம். மூன்றாம் நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, எனக்க பேரு கள்ளன்னு ஆயிட்டு."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவன் வயசில் நான் செய்த அதே வேலை. குழியில் விழுவது, கேடயம் பிடிக்கத் தெரியாதது எல்லாம் ஆட ஆடச் சரியாகிவிடும். ஆடினாலும் சரியாகாத மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

கடையில் திருடுவது

கேமில் வரும் மேபி கிராமத்துக் கடையில் மண்வெட்டி 200 ரூபீ, வில் 980. ரூபீ என்பது கேமுக்குள் ஓடுகிற காசு. பழைய கேம் பாயில் பையில் 999க்கு மேல் தங்காது. வில்லை வாங்கினால் பை காலி. கடைக்காரர் கண் நம் மேலேயே இருக்கும். பொருளைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடினால், அவர் திரும்புவதற்குள் வாசலைத் தாண்டிவிடலாம்.

நான் தாண்டினேன். துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கேம் பாய் கலர், குளச்சல் வீட்டுத் திண்ணை. தம்பியிடம் வேறு பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன், கேமில் எனக்கு ஆசையாக வைத்த பெயர் போய்விட்டது. ஊரில் யார் கூப்பிட்டாலும் 'தீஃப்'. பாட்டுப் பாடுகிற மாரின்கூட!

சரி, பட்டம்தானே என்று அம்பு வாங்க அதே கடைக்குள் போனேன். கடைக்காரர் மின்னலை விட்டு ஒரே அடியில் கொன்றுவிட்டார். இந்த கேம் நம் சாவுகளை எண்ணி வைத்துக்கொள்கிறது. ஒருமுறையும் சாகாமல் முடித்தவர்களுக்குக் கடைசியில் ஒரு சின்னக் காட்சி உண்டு. என்ன காட்சி என்று சொல்ல மாட்டேன். ஒரு வில்லுக்காக அதை விட்டேனே என்று இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

இத்தனைக்கும் 980 சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. புல்லை வெட்டு, மண்ணைத் தோண்டு, பத்து ரூபீ கொடுத்துக் குளத்தில் மீன் பிடி. அப்படி அலையும்போதுதான் கேம் நடக்கிற தீவு பிடிபடும். பழைய வரைபடம் 16க்கு 16, மொத்தம் 256 கட்டம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன விளை மாதிரி, சும்மா கிடக்கிற இடமே குறைவு. உள்ளங்கை அகலத் திரையில் இவ்வளவையும் அடக்கியதால்தான் இன்னமும் எடுத்து ஆடத் தோன்றுகிறது. திருடினால் இந்த அலைச்சல் அத்தனையும் மிச்சம். நஷ்டமும் அதுதான்.

பண்டமாற்றைப் பாதியில் விடுவது

யோஷி பொம்மையில் தொடங்கி பூதக்கண்ணாடியில் முடிகிற சங்கிலி இது. கண்ணாடி இல்லாமல் நூலகத்துப் பொடி எழுத்துப் புத்தகத்தைப் படிக்க முடியாது. அதைப் படிக்காமல் கேம் முடிகிற இடமான மலை உச்சி முட்டைக்குள் போனால் வழி தெரியாமல் சுற்ற வேண்டியதுதான். முதலை கொடுக்கிற வாழைப்பழத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வைத்துக்கொண்டிருக்க அது மட்டிக்குலை இல்லை, குரங்குக்குப் போய்ச் சேர வேண்டியது.

கார்ட்ரிட்ஜில் ஊதுவது

ஊதாதே. கடல்காற்று அரிக்கிறது போதும்.

சேவ் செய்யாமல் அணைப்பது

கேம் பாயில் சேவ் செய்ய ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் பட்டன் நான்கையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மருமகன் இப்போது முதலிலிருந்து ஆடுகிறான். நேற்று ராத்திரி பையில் 640 ரூபீ.

"மாமா, கடைக்காரன் இப்பவும் என்னையேதான் பாக்கான்" என்றான்.