பிரபலங்களின் புல்டாக்கைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் வாங்குவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

இரண்டாம் உலகப் போர்க் காலக் கேலிச்சித்திரங்களில் வின்ஸ்டன் சர்ச்சிலைப் புல்டாக்காக வரைவது வழக்கமாக இருந்தது. தொங்கும் கன்னமும் முன்தள்ளிய தாடையும் அசைந்துகொடுக்காத நிற்பும் அவருக்கு அப்படியே பொருந்தின. ஆனால் அவரோடு வீட்டில் வாழ்ந்த நாய் ரூஃபஸ் என்ற பூடில். அவர் புல்டாக் வளர்த்தது ஹாரோ பள்ளியில் படித்த காலத்தில்தான். தன் சைக்கிளை விற்ற பணத்தில் டோடோ என்ற புல்டாக்கை வாங்கினார். படத்தில் இருக்கும் புல்டாக் வேறு, நம் வீட்டுத் தரையில் மூச்சு வாங்கியபடி படுத்திருக்கும் புல்டாக் வேறு. ஒன்பது ஆண்டுகள் ஒரு புல்டாக்கை வளர்த்தவன் என்ற முறையில், பிரபலங்களின் நாய்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் பார்த்து ஆசைப்பட்டது எந்தப் புல்டாக் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கார்ப் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டனின் ராஸ்கோவும் கோகோவும், நடிகர் ஆடம் சாண்ட்லரின் மீட்பாலும் இங்கிலீஷ் புல்டாக்குகள். பாடகி லேடி காகாவின் கோஜி, குஸ்தாவ் ஆகியவையும், நடிகை சமந்தாவின் ஹாஷும் பிரெஞ்சு புல்டாக்குகள். இங்கிலீஷ் புல்டாக்கில் வளர்ந்த ஆண் ஏறக்குறைய 23 கிலோவும் பெண் 18 கிலோவும் இருக்கும். பிரெஞ்சு புல்டாக் 13 கிலோவைத் தாண்டக் கூடாது. பிரெஞ்சு புல்டாக்கின் காது வௌவால் காதைப் போல நிமிர்ந்து நிற்கும். இங்கிலீஷ் புல்டாக்கின் காது மடிந்து கிடக்கும். மாடிப்படி ஏறும் வீடாக இருந்தால், வயதான நாயைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய நாளை நினைத்து இந்த எடைக் கணக்கைப் பாருங்கள்.

இரண்டாவதாகச் செய்ய வேண்டியதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்: குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் மூச்சைக் கேளுங்கள். காளையோடு மோதவிடும் கொடிய விளையாட்டுக்காக இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட இந்த நாய், 1835இல் அந்த விளையாட்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பிறகு வீட்டு நாயாகவும் கண்காட்சி நாயாகவும் மாறியது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக, முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு அழகு என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். மண்டையோட்டின் எலும்பு குட்டையானதே தவிர, அதற்குள் இருக்கும் தசை அதே அளவுக்குக் குறையவில்லை. அதனால் மூக்குத் துவாரம் கோடு போல ஒடுங்கியும், மேலண்ணத்தின் மென்பகுதி நீண்டு தொண்டையை அடைத்தும், பல நாய்களில் மூச்சுக்குழாயே சிறுத்தும் இருக்கிறது. படுத்திருக்கும்போது குறட்டை விடுவதைச் செல்லமாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் காற்று உள்ளே போக முட்டிமோதுகிற சத்தம்.

எனவே குட்டியை விற்பவரிடம் தாய் நாயையும், கிடைத்தால் தந்தை நாயையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றை மூன்று நிமிடம் சற்று வேகமாக நடக்கவைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த சோதனையும் இப்படித்தான் நடக்கிறது: நாயை மூன்று நிமிடம் துள்ளுநடையில் ஓடவைத்து, அதற்கு முன்பும் பின்பும் மருத்துவர் தொண்டையருகே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் சொல்வார். 0 என்றால் மூச்சுத் தடை இல்லை, 3 என்றால் கடுமையான தடை. ஸ்டெதாஸ்கோப் உங்களிடம் இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. நடந்து முடித்த நாயின் தொண்டையில் அறுப்பது போன்ற சத்தம் கேட்டாலோ, அது நடுவில் உட்கார்ந்துவிட்டாலோ, சில நிமிடங்கள் ஆகியும் மூச்சு அடங்காவிட்டாலோ, அந்தத் தாயின் குட்டியை வாங்காதீர்கள். தாய்க்கு எத்தனை முறை சிசேரியன் ஆனது என்றும் கேளுங்கள். குட்டிகளின் தலை பெரிதாகவும் தாயின் இடுப்பெலும்பு குறுகலாகவும் இருப்பதால் இவ்வினங்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடப்பதாக இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே தாயை ஈற்றுக்கு ஈற்று அறுத்து விற்கிறவரிடம் பணம் கொடுப்பது அந்த வலிக்கு நாமே கூலி கொடுப்பதாகும்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கெனல் கிளப்பின் 2022ஆம் ஆண்டுப் பதிவுக் கணக்கில், 31 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரைப் பின்னுக்குத் தள்ளி பிரெஞ்சு புல்டாக் முதலிடத்துக்கு வந்தது. தேவை இப்படிப் பெருகும்போது அவசரமாகக் குட்டி உற்பத்தி செய்கிறவர்களும் பெருகுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

குட்டி வீட்டுக்கு வந்த பிறகு உங்களுடைய முதல் எதிரி வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூக்கின் உள்பக்கத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடம்பு குளிர்கிறது. அந்தக் காற்றுவழியே அடைபட்ட புல்டாக் குளிர்வதற்காக வேகமாக மூச்சு வாங்கும். வேகமாக வாங்க வாங்கத் தொண்டை வீங்கும். வீங்க வீங்க வழி இன்னும் அடையும். லண்டனிலும் மொனாக்கோவிலும் எடுத்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, சித்திரை வெயில் அடிக்கிற ஊரில் வளர்க்கிறவர்கள் இதைத் தினமும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சூரியன் எழுவதற்கு முன்பு ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை, அதுவும் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெளியே கூட்டிப்போகும் முன் உங்கள் புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் அதன் பாதமும் நடக்கக் கூடாது. கழுத்துப்பட்டை போடாமல், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸையே போடுங்கள். நின்ற காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நாக்கு செங்கல் நிறமாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால், எச்சில் நூலாகத் தடித்து ஒழுகினால், கால் தள்ளாடினால், அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றி, மின்விசிறியை நேராக வைத்து, அந்த ஈரத்தோடேயே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்தது முகமடிப்பு. இதை எழுத்தில் சொல்வதைவிடச் செய்து காட்டுவது எளிது. என் நாய் முத்துவை ஒவ்வொரு இரவும் முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, மூக்குக்கு மேலே இருக்கும் தடித்த மடிப்பை இடது கைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குவேன். உள்ளே தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். பகல் முழுவதும் இறங்கிய கண்ணீரும் சோற்றுத் துணுக்கும் பழுப்பாகக் கோடிட்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் இருமுறை துடைப்பேன். ஈரத்தோடு விடுவதைவிடத் துடைக்காமல் விடுவதே மேல் என்று சொல்லும் அளவுக்கு உலர்த்துவது முக்கியம், ஏனென்றால் ஈரம் தங்கினால் மறுநாளே புளித்த வாடையும் அதற்கடுத்த நாள் புண்ணும் வரும். வால் ஒட்டியிருக்கும் குழியையும் இப்படியே துடைக்க வேண்டும். பலர் அங்கே ஒரு குழி இருப்பதையே புண் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். பவுடர் எதையும் மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்டாக் குண்டாக இருந்தால் அழகு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் மூச்சுக்குழாயை மேலும் நெருக்கும். கையால் தடவும்போது விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். ஹாமில்டன் ராஸ்கோவைத் தாவர உணவுக்கு மாற்றி, அதன்பின் தோலும் மூச்சும் தேறியதாகச் சொன்னார். அவர் செய்ததை நாம் ஒரு படத்தின் கீழ் இருக்கும் நான்கு வரியைப் படித்துவிட்டுச் செய்யக் கூடாது.

வீட்டைச் சுற்றியும் ஒருமுறை நடந்து பாருங்கள். நடிகர் டுவெய்ன் ஜான்சன் 2015 செப்டம்பரில் ஹாப்ஸ், புரூட்டஸ் என்ற இரண்டு பிரெஞ்சு புல்டாக் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீச்சல்குளத்தில் விழுந்த குட்டிகளில் ஹாப்ஸ் எப்படியோ கையைக் காலை அடித்து மிதந்தது. புரூட்டஸ் கல்லைப் போல அடிக்குப் போனது. உடுத்த உடையோடு அவர் குதித்துத் தூக்கினார். கனத்த தலையும் குட்டைக் காலும் கொண்ட இந்த நாய்களில் பெரும்பாலானவற்றால் நீந்த முடியாது. எனவே கிணற்றுமேடை, தண்ணீர்த் தொட்டி, மீன்குளம் எதுவாக இருந்தாலும் மூடியோ வேலியோ கட்டாயம் வேண்டும். அதே புரூட்டஸ் சில வாரங்களில் வெளியே விளையாடும்போது ஒரு நச்சுக்காளானைத் தின்று இறந்துபோனது. மழைக்குப் பிறகு தோட்டத்தில் முளைக்கும் காளான்களைக் காலையிலேயே வேரோடு எடுத்துவிடுங்கள்.

களவைப் பற்றியும் ஒரு சொல். 2021 பிப்ரவரி 24 இரவு ஹாலிவுட்டில் லேடி காகாவின் நாய்களை நடைக்குக் கூட்டிச்சென்றவரைச் சுட்டுவிட்டு, கோஜியையும் குஸ்தாவையும் பறித்துச் சென்றார்கள். அவர் உயிர்பிழைத்தார், நாய்களும் இரண்டு நாளில் திரும்பக் கிடைத்தன. அவை யாருடைய நாய்கள் என்று திருடர்களுக்குத் தெரியாது, அந்த இனத்தின் விலைக்காகவே குறிவைத்தார்கள் என்று காவல்துறை சொன்னது. ஆகவே பிரபலமாக இல்லாதவர்களும் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தி, அந்த எண்ணை உங்கள் தொலைபேசி எண்ணோடு பதிவு செய்து வையுங்கள்.

இவ்வளவு சிரமமும் எதற்காக என்று கேட்டால், நடிகை கேரி ஃபிஷர் (Carrie) வளர்த்த கேரி (Gary) என்ற நாயைச் சொல்வேன். தன் மனநோயைப் பற்றி ஒளிக்காமல் பேசிய அவர், நாக்கு எப்போதும் பக்கவாட்டில் தொங்கிய அந்தப் பிரெஞ்சு புல்டாக்கைப் பேட்டிகளுக்கும் படவிழாக்களுக்கும் உடன் அழைத்துச் சென்றார். புல்டாக் காவலுக்கான நாய் அல்ல, ஆள் அருகில் இருந்தால் போதும் என்று கிடக்கிற நாய். காலையில் பூட்டிவிட்டு இரவில் திரும்புகிற வீட்டுக்கு அது ஏற்றதல்ல. பகலில் ஒருவராவது வீட்டில் இருக்க முடியாவிட்டால் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

வாங்கும்போதே நினைக்க மனம் வராத ஒன்றையும் நினைத்தாக வேண்டும். இங்கிலீஷ் புல்டாக்கின் ஆயுள் பொதுவாக 8 முதல் 10 ஆண்டுகள். ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்த பிரெஞ்சு புல்டாக்குகள் எல்லாவற்றுக்கும் மூஜிக் என்ற ஒரே பெயரையே வைத்தார். அந்தப் பிரிவின் வலி தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹாமில்டனின் கோகோ 2020இல் மாரடைப்பால் இறந்தது. 2025 செப்டம்பரில் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 12 வயது ராஸ்கோவுக்குப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது இதயம் நின்றுபோனது. மருத்துவர்கள் மீட்டெடுத்தும் அது நினைவு திரும்பாமல் கிடந்தது. ஹாமில்டன் டயர் சோதனை ஓட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து, நான்கு நாட்களுக்குப் பிறகு அதைப் போகவிட முடிவெடுத்தார். செப்டம்பர் 28 அன்று அது அவர் கைகளிலேயே இறந்தது.

தட்டைமுக நாய்க்கு மயக்க மருந்து எப்போதும் கூடுதல் ஆபத்து. ஆகவே பல் சுத்தம் செய்வதற்குக்கூட, இவ்வினங்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரா, நாய் முழுதாக விழித்து எழும் வரை மூச்சுக்குழாயில் குழாயை விட்டுவைப்பாரா, ஆக்சிஜன் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். குட்டியைத் தூக்கிவரும் நாளுக்கு முன்பே அப்படி ஒரு மருத்துவரை நேரில் பார்த்துப் பேசி, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.