கடுமையாக மெலிந்த குழந்தைக்கு மீண்டும் உணவு தொடங்கும் முறை

மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கி, நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ சேர்ந்து துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்ததும், வயிறு நிறைய எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு தாய்க்கு மட்டுமன்றி, வார்டுக்குப் புதிதாக வந்த செவிலியருக்கும் எழும். அந்தத் தவிப்புக்கு இடம் கொடுத்தால், வந்தபோது பிழைத்திருந்த குழந்தை மூன்றாம் நாள் மூச்சுத் திணறி இறக்கக்கூடும். பட்டினி நாட்களில் உடலின் பொட்டாசியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் வற்றிவிடுகின்றன; திடீரென்று மாவுச்சத்து வந்ததும் சுரக்கும் இன்சுலின், ரத்தத்தில் மிஞ்சியிருப்பவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்வதால், இதயமும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடுகின்றன.

ஆகவே இது மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்து, குழந்தைக்கு நினைவும் இருந்தால், 10 சதவீத குளுக்கோஸ் கரைசலை 50 மில்லி வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ கொடுக்க வேண்டும். பரிசோதிக்க வசதியில்லை என்றால் சர்க்கரை குறைந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். அக்குள் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் வெற்று மார்போடு அணைத்துப் போர்த்திவிடுங்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காணாமல் போகலாம் என்பதால், ஆன்டிபயாடிக் அன்றே தொடங்கப்படும். வயிற்றுப்போக்குக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. அதனால்தான் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கூட்டிய ரீசோமால் கரைசல் தரப்படுகிறது. நரம்பு வழியே திரவம் ஏற்றுவது, ரத்த ஓட்டம் குன்றிப்போகும் அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) மட்டுமே உரியது.

அடுத்தது எஃப்-75 பால். 100 மில்லியில் 75 கலோரியும் ஒரு கிராமுக்கும் குறைவான புரதமும் உள்ள இந்தப் பால், எடையைக் கூட்டுவதற்கு அல்ல, உடலை நிலைப்படுத்துவதற்கு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 130 மில்லி என்பது கணக்கு. 6 கிலோ குழந்தைக்கு 780 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் வேளைக்கு 65 மில்லி, அதாவது அரைத் தம்ளர்கூட வராது. உடலில் நீர் தேங்கி வரும் வீக்கம் மிகுந்து முகம் வரை ஏறியிருந்தால் கிலோவுக்கு 100 மில்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாட்டில் வேண்டாம், குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையாலோ கிண்ணத்தாலோ சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். கொடுத்ததில் ஐந்தில் நான்கு பங்கைக்கூடக் குடிக்காவிட்டால் மீதியை மூக்குக் குழாய் வழியே செலுத்த வேண்டும். இரவு இரண்டு மணி வேளையும் நான்கு மணி வேளையும்தான் பெரும்பாலும் தவறிப்போகின்றன. விடியற்காலையில் சர்க்கரை சரிந்து குழந்தை சில்லிட்டுப்போவது அப்படித்தான். குழந்தை தூங்குகிறதே என்று இரக்கப்படாமல் எழுப்பியே கொடுக்க வேண்டும்.

வீங்கிய குழந்தையின் எடை முதல் வாரத்தில் குறைந்தால் தாய் கலங்குவார். நீர் வடிகிறது, இது நல்லதுதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பசி திரும்பி வீக்கமும் வடியத் தொடங்கிய பிறகே, 100 மில்லியில் 100 கலோரி உள்ள எஃப்-100 பாலுக்கு மாற வேண்டும். அதற்குச் சுமார் ஒரு வாரம்வரை ஆகலாம். முதல் இரண்டு நாட்கள் அதே அளவிலேயே கொடுத்துவிட்டு, பின்னர் வேளைக்கு 10 மில்லியாக, குழந்தை கொஞ்சம் மிச்சம் வைக்கும்வரை கூட்டலாம். இந்த மாற்றத்தின்போதுதான் இதயம் தோற்கும் ஆபத்து அதிகம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கில், மூச்சு நிமிடத்துக்கு 5-ம் நாடித்துடிப்பு 25-ம் கூடி, அடுத்த கணக்கிலும் அப்படியே நின்றால், மருத்துவரை அழைத்துவிட்டுப் பாலைக் கிலோவுக்கு 100 மில்லியாக உடனே குறைக்க வேண்டும்.

இரத்தசோகை என்று காட்டும் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் இரும்புச்சத்து டானிக் எழுதத் தோன்றும். தொற்று அடங்காத உடலில் இரும்பு தீங்கையே கூட்டும். எஃப்-100 தொடங்கி இரண்டு நாட்கள் கழிந்து, எடை ஏறத் தொடங்கிய பிறகு அதைத் தரலாம்.